மொட்டை மாடி வேலை: ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டி எழுதுற ரிவ்யூ

போன வருஷம் பிப்ரவரில எங்க வீட்டு மொட்டை மாடிக்கு வேலை பாத்தோம். முடிஞ்ச அன்னிக்கே ஒரு ஃபோட்டோ எடுத்து அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போயிருக்கலாம், அப்படி வெள்ளை வெளேர்னு கண்ணு கூசுற மாதிரி இருந்துச்சு. ஆனா மாடி வேலைக்கு அன்னிக்கே ஸ்டார் போடுறது பொண்ணு பாத்துட்டு போன அன்னிக்கே மாமியார் தங்கமானவங்கன்னு சொல்ற மாதிரி. (எங்க மாமியார் இத படிக்க மாட்டாங்க, தைரியமா எழுதுறேன்.) ஒரு அக்னி நட்சத்திரம், ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டட்டும்னு விட்டேன். இப்ப பொங்கலும் முடிஞ்சு பனியும் கொறைய ஆரம்பிச்சிருச்சு, நெறைய பேரு இப்பதான் சீலிங்க நிமிந்து பாப்பீங்க, அதான் இப்ப எழுதுறேன். கொஞ்சம் பெருசா போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

வீடு கடலூர் மஞ்சக்குப்பம். மாமனார் 1997ல கட்டினது. காங்கிரீட் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு கட்டையால அடிச்சு, அதுக்கு மேல தட்டோடு (சப்பையான சுட்ட மண் ஓடு) பதிச்ச பழைய மாடல். கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணிய தெளிச்சு தெளிச்சு அடிக்க வச்சாராம், கூடவே நின்னாராம், இத மாமியார் வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவாங்க. பொய்யும் இல்ல, 14 வருஷம் ஒரு சொட்டு ஒழுகல. 2011 டிசம்பர் 30 தானே புயல் வந்தப்ப பக்கத்து வீட்டு தென்னை எங்க கைப்பிடி சுவர் மேல சாஞ்சு ஒரு மூலை பேந்துச்சு. பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கெடக்குற நேரத்துல மாடி மூலைய யாரு பெருசா நெனச்சா, கெடச்ச கொத்தனார வச்சு சிமெண்ட்ட பூசி மூடிட்டாங்க. அந்த மூலைய ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில அங்கதான் வரப்போறோம்.

2022ல சீலிங்ல லேசா ஓதம் காட்டுச்சு. ஒரு பெயிண்ட்டர் வந்தாரு, வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா சரியாயிடும், ரெண்டு நாள்ல முடிச்சு தர்றேன்னாரு, முடிச்சும் தந்தாரு. தொடப்பத்தால ஒரு பெருக்கு, அவ்ளோதான், பாசி சுரண்டல, கழுவல, ப்ரைமர் கிடையாது, நேரா வெள்ளை. ஒரு மழை முடிஞ்சு மேல போய் பாத்தா பாளம் பாளமா தூக்கிட்டு நிக்குது, என் பையன் சம்மணம் போட்டு உக்காந்து அப்பளம் மாதிரி ஒவ்வொண்ணா உரிச்சு நொறுக்கி விளையாடுறான். 14,000 ரூபா. அந்த உரிஞ்ச பெயிண்ட் எல்லாம் அடிச்சுட்டு போய் தண்ணி எறங்குற பைப்ல அடைச்சுது பாருங்க, அதுக்கு தனியா 600.

அப்புறம் 2024. நவம்பர் 30 சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சு, ஏறினது போகாம அங்கயே நின்னுச்சு, மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. இங்கயும் ராத்திரி பூரா ஊத்தல், கரண்ட் இல்ல. சாமி ரூம் சீலிங்ல மொதல்ல ஒரு தோசை அளவுக்கு ஈரம், டார்ச் அடிச்சு பாக்க பாக்க பெருசாயிட்டே வருது, விடியறதுக்குள்ள சொட்ட ஆரம்பிச்சு, சொட்டு கரெக்டா குத்துவிளக்கு மேலயே விழுது. மாமியார் அத ஒரு சகுனமாவே எடுத்துக்கிட்டாங்க. நான் பக்கெட்ட எடுத்து வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு தென்பெண்ணை வெள்ளத்துல ஊரே அல்லோலப்பட்டப்ப எங்க வீட்டு பிரச்சனை பிரச்சனையே இல்லன்னு ஆயிடுச்சு, அதனால ஜனவரி வரைக்கும் யாரும் வாயத் தொறக்கல.

இங்க ஒண்ணு சொல்லணும், சண்டைக்கு வராதீங்க. பொங்கலுக்கு முன்னாடி வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிற பழக்கம் இருக்கே, நம்ம கடலோர ஊருக்கு அது சரிவராது. கார்த்திகை வரைக்கும் மழை குடிச்ச சுவரு மார்கழி பனில எங்க காயும்? உள்ள ஈரம் அப்படியே இருக்கும்போது மேல பெயிண்ட்ட போட்டு மூடுனா அது வெளிய வந்துதான் தீரும், வரும்போது செங்கல்ல சிமெண்ட்ல இருக்குற உப்பையும் கரைச்சு தூக்கிட்டு வரும், அதான் சுவத்துல வெள்ளையா மாவு மாதிரி பூக்குறது. தேச்சா உதிரும், நாலு நாள்ல திரும்ப பூக்கும். சுண்ணாம்பு அடிச்ச காலத்துல தெரியல, சுண்ணாம்பு மூச்சு விடும். இப்ப அடிக்கிற எமல்ஷன் கொப்புளம் கட்டி உக்காந்துக்கும். போகிக்கு பழசு எரிக்கிறதோட நிறுத்திக்கிட்டு பெயிண்ட்ட மாசில வச்சுக்கோங்க. அதே மாதிரி மழைல ஊறி இறுகிப்போன மரக்கதவ உடனே ஆசாரிய கூப்பிட்டு இழைக்காதீங்க, பங்குனில தானா சுருங்கும், இப்ப இழைச்சா அப்ப சந்துல பல்லி போகும், எங்க வீட்டு பின்கட்டு கதவே சாட்சி.

சரி, கம்பெனி கதைக்கு வர்றேன். ஜனவரி கடைசில எங்க வீட்டுக்காரரு ஃபோன்ல விளம்பரம் பாத்து ஒரு வாட்டர் ப்ரூஃபிங் கம்பெனிய கூப்பிட்டாரு. பேரு வேண்டாம். டக் இன் பண்ணின தம்பிங்க ரெண்டு பேரு, கையில ஈரம் அளக்குற மீட்டர். நேரா சாமி ரூமுக்கு போய் சீலிங்ல வச்சாங்க, பீப் பீப்னு கத்துச்சு, ஈரம் இருக்கு மேடம்னாங்க. அது எனக்கே தெரியும் தம்பி, பக்கெட் வச்சிருக்கேன்ல. மேல போய் டேப் புடிச்சு அளந்தாங்க, 850 சதுர அடி, அடிக்கு 85 ரூபா, மொத்தம் 72,250, பத்து வருஷ வாரண்டி. பத்து வருஷம்ங்கறத கேட்டதும் இவரு கிட்டத்தட்ட அட்வான்ஸ் அனுப்ப ஃபோன எடுத்துட்டாரு. நான் அந்த வாரண்டி பேப்பர கண்ணாடி போட்டு படிச்சேன். ஏற்கனவே இருக்குற விரிசலுக்கு வாரண்டி இல்ல, மேல பந்தல் போட்டா இல்ல, தொட்டி வச்சா இல்ல, மாடில தண்ணி தேங்கினா இல்ல. தண்ணி தேங்குறதாலதானே உங்கள கூப்பிட்டதே! வாட்டம், அதாவது தண்ணி பைப் பக்கம் ஓடுற சாய்வு, சரி பண்ணி தருவீங்களான்னு கேட்டேன், அது சிவில் வொர்க் மேடம், எங்க ஸ்கோப்ல வராதுன்னாங்க. ஏமாத்துறாங்கன்னு சொல்ல வரல, அவங்க பொருள் நல்லதாவே இருக்கலாம், புது வீட்டுக்கு சரியாவும் இருக்கும். ஆனா 28 வருஷ மாடில ஒழுகல் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபுடிக்காம மேல கோட் மட்டும் போடுறதுக்கு 72,000 அதிகம்.

அப்புறம் பால்காரர் சொல்லித்தான் இந்த மேஸ்திரி வந்தாரு. நெல்லிக்குப்பத்துலேர்ந்து டிவிஎஸ் எக்ஸெல்ல, அறுபதுக்கு மேல வயசு, வாயில வெத்தலை. உள்ள வந்து சீலிங்கே பாக்கல. நேரா மாடி ஏறிட்டாரு. "ஒரு கொடம் தண்ணி கொண்டாம்மா"ன்னாரு. குடிக்கத்தான்னு நெனச்சு சொம்புல எடுத்துட்டு போனேன், சிரிச்சாரு, கொடம்னா கொடம்தான்மா. கொண்டு போய் குடுத்தா அத மாடி நடுவுல மெதுவா கவுத்து ஊத்திட்டு இடுப்புல கைய வச்சு நின்னாரு. தண்ணி ஒரு கோடா கெளம்பி பைப் பக்கம் நாலடி போச்சு, அப்புறம் என்ன நெனச்சுதோ திரும்பி கைப்பிடி சுவர் மூலைக்கு போய் தேங்கி நின்னுச்சு. தானே புயல்ல பேந்த அதே மூலை. "பாத்தியா, தண்ணி வீட்டுக்குள்ளதான் போவேன்னு அடம் புடிக்குது"ன்னாரு. அந்த நிமிஷமே வேலைய இவருக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம் கரண்டிய திருப்பி புடிச்சு அந்த கைப்புடியால ஒவ்வொரு தட்டோடா தட்டிட்டே போனாரு. கெட்டியா இருந்தா டிக் டிக்னு சத்தம், அடியில விட்டுப்போயிருந்தா டொக்குனு காலிப்பானை மாதிரி. டொக்குன்னதுக்கெல்லாம் சாக்பீஸ்ல பெருக்கல் போட்டாரு, எண்ணி பாத்தா 62. ஓட்டுக்கு நடுவுல இருக்குற சந்து கலவை முக்காவாசி இடத்துல அரிச்சு போயிருந்துச்சு, என் விரல் நகத்தால சுரண்டினாலே மணலா வருது.

அடுத்து பாத்தி. மணலும் கொஞ்சம் சிமெண்ட்டும் குழைச்சு மாடிய நாலு பாத்தியா கட்டி, ஒரு பாத்திக்கு ரெண்டு இஞ்ச் தண்ணி, ஒரு நாள் விட்டு அடுத்தது. நாத்து நடவா போறீங்கன்னு எதிர் வீட்டு தாத்தா கேட்டுட்டு போனாரு. மொத பாத்தி சாமி ரூமுக்கு நேர் மேல கட்டினது, ஒரு நாள் முழுக்க தண்ணி நின்னும் சீலிங்ல ஒண்ணும் இல்ல. எனக்கு நம்பிக்கையே போச்சு. ரெண்டாவதுலயும் ஒண்ணும் இல்ல. மூணாவது அந்த மூலை, பைப் வாயோட சேத்து, காலைல தண்ணி விட்டு மத்தியானம் சாப்பிட உக்காரும்போது சாமி ரூம் சீலிங்ல அந்த பழைய தோசை கருக்க ஆரம்பிச்சுது. மூலைக்கும் சாமி ரூமுக்கும் பதினோரு அடி தள்ளி! மேல எறங்குற தண்ணி ஜல்லி தளத்துக்குள்ள பூந்து காங்கிரீட்டு மேலயே தவழ்ந்து போய் எங்க சின்னதா விரிசல் கெடைக்குதோ அங்க சொட்டுமாம். கீழ சொட்டுற எடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு நெனச்சு அந்த எடத்துல மட்டும் சிமெண்ட் பூசுறது எல்லாம் அதனாலதான் வேஸ்ட்டா போகுது. நாங்களே ரெண்டு தடவ பூசியிருக்கோம்.

இப்ப மூலைய உடைச்சாரு. 2011ல பூசின சிமெண்ட் பில்லை ஒரு தட்டுக்கே முழுசா கழண்டு கையோட வந்துச்சு, பழைய சுவரோட அது எந்த காலத்துலயும் ஒட்டவே இல்ல. அதுக்கு பின்னாடி பாருங்க, அரசங்கன்னு. வெளில பாத்தா நாலு எலைதான், நானே ரெண்டு தடவ பிச்சு போட்டிருக்கேன், பிச்சா போயிடுச்சுன்னு நெனப்பு. உள்ள வேரு நூல் மாதிரி ஆரம்பிச்சு கைப்பிடி சுவரும் தளமும் சேர்ற இடுக்க புடிச்சுக்கிட்டு போகப்போக பென்சில் தடிமன் ஆகி ரெண்டரை அடி ஓடியிருக்கு, சப்பையா, தண்ணில போட்ட சேமியா மாதிரி அந்த இடுக்கு ஷேப்புக்கே வளந்திருக்கு. வேர இழுத்தா அதோட ஒரு புடி மண்ணும் ஈரமும் சேந்து வருது. காக்கா எச்சத்துல வர்ற விதை, மழை முடிஞ்சதும் தையிலயே பாத்து வேரோட எடுத்துட்டா ரெண்டு நிமிஷ வேலை. மேல மட்டும் கிள்ளி விட்டா கிளை வெட்டி விட்ட மாதிரி ஆகி உள்ள இன்னும் தடிக்கும். மாமியார் அரசமரத்த வெட்டக்கூடாதுன்னு ஒரு பக்கம் புலம்பல், கடைசில அத ஒரு தயிர் டப்பால வச்சு சிவன் கோயில் ஆத்தங்கரைல நட்டுட்டு வந்தாங்க, வந்துச்சா இல்லையான்னு தெரியல.

பைப் வாய்தான் அடுத்த குத்தவாளி. தண்ணி வெளிய போற ஓட்டை தரைமட்டத்த விட அரை இஞ்ச் மேல இருக்கு. அதாவது அரை இஞ்ச் தண்ணி எப்பவும் மாடிலயே நின்னுதான் ஆகணும். சுத்தி சிமெண்ட் விட்டுப்போய் பைப்புக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ரூபா காசு உள்ள போற சந்து. மேஸ்திரி அத முழுசா தோண்டி எடுத்து நாலு இஞ்ச் பிவிசி பைப்ப கீழ எறக்கி பதிச்சு, சுத்தி ஒரு சாண் அகலத்துக்கு சோறு தட்டு மாதிரி பள்ளம் வாங்கி விட்டாரு, மேல ஒரு ஜாலி மூடி. அப்புறம் தண்ணி ட்யூப் புடிச்சு மட்டம் பாத்து அந்த மூலை பூரா ஓட்ட எடுத்துட்டு பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச் சாய்வு வர்ற மாதிரி புதுசா போட்டாரு. கைப்பிடி சுவரும் தரையும் சேர்ற எல்லா எடத்துலயும் கலவைய சாய்வா வச்சு பாட்டிலால உருட்டி விட்டாரு, கெமிக்கல் கலந்த கலவை, அதுக்கு மேல வலைத்துணி. இது எல்லாத்துக்கும் மூணு நாள். பெயிண்ட் டப்பாவ இன்னும் தொறக்கவே இல்ல, கவனிங்க. ஒழுகல நிறுத்துனது இந்த மூணு நாள் வேலைதான், மேல அடிச்ச வெள்ளை இல்ல. வெள்ளை அதுக்கு ஒரு சட்டை மாதிரி.

சட்டைய பத்தியும் சொல்லணும்ல. வெயில திருப்பி அனுப்புற கூல் ரூஃப் கோட்டிங், அதுவே வாட்டர் ப்ரூஃபும். பிராண்ட் கேப்பீங்க, சொல்லல, கடைல நாலு கம்பெனி டப்பா இருந்துச்சு, நாலுலயும் ஏறக்குறைய இதேதான் எழுதியிருந்தான். டப்பா மேல எஸ்ஆர்ஐ-ன்னு ஒரு நம்பர் இருக்கும், வெயில்ல எவ்ளோ சூடாகாம இருக்குதுன்னு கருப்பு பரப்புக்கு 0 வெள்ளைக்கு 100ன்னு வச்சுக்கிட்டு போடுற மார்க், 100 பக்கத்துலயோ மேலயோ இருந்தா சரி. வெறும் வெள்ளை எமல்ஷன வாங்கிட்டு வந்து கூல் ரூஃப்னு அடிச்சு ஏமாறாதீங்க, அது இழுபடாது, காங்கிரீட் வெயில்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கும்போது கூடவே நீண்டு சுருங்கணும், இல்லன்னா என் பையனுக்கு விளையாட அப்பளம் ரெடி.

இங்கதான் மேஸ்திரி என் பொறுமைய சோதிச்சாரு. பூச்சு வேலை முடிஞ்சு ஒரு வாரம் தண்ணி விட்டு, அப்புறம் காயட்டும்னு பத்து நாள் விட்டாச்சு. வந்தாரு, பிளாஸ்டிக் கவர் ஒண்ண கிழிச்சு விரிச்சு தரைல போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டி கல்லு வச்சுட்டு போயிட்டாரு. மறுநாள் காலைல தூக்கி பாத்தா கவருக்கு அடியில முத்து முத்தா தண்ணி. "இன்னும் பெருமூச்சு விடுது, நாலு நாள் கழிச்சு வரேன்"னு எக்ஸெல்ல திருப்பிட்டாரு. 2022 பெயிண்ட்டரா இருந்தா அன்னிக்கே அடிச்சு முடிச்சு காசு வாங்கியிருப்பாரு. நாலு நாள் கழிச்சு கவர் காஞ்சு இருந்துச்சு, அப்புறம்தான் டப்பாவ தொறந்தாரு. அதுலயும் காலைல எட்டு மணிக்கே வந்து உக்காந்துட்டு பத்து வரைக்கும் பிரஷ்ஷ தொடல, பனி ஈரம் போகணுமாம், உள்ளங்கைய தரைல வச்சு வச்சு பாத்துக்கிட்டே இருந்தாரு, எங்க வீட்டுல ரெண்டு டீ போச்சு. சாயங்காலம் நாலுக்கு மேலயும் அடிக்கல. அதுக்காக ஏப்ரல் மே வரைக்கும் தள்ளவும் கூடாதாம், அந்த சூட்டுல மேல மட்டும் பொசுக்குனு காஞ்சு உள்ள பச்சையா நிக்கும். ஆக மாசி மாசம்தான் இதுக்கு ஏத்த நேரம், ஒரு நாலஞ்சு வாரம் கெடைக்கும், அவ்ளோதான்.

மொத கோட் தண்ணி கலந்து ப்ரைமர் மாதிரி, அடுத்தது கெட்டியா தெக்கு வடக்கா, மூணாவது கெழக்கு மேக்கா. டப்பால ஒரு கோட்டுக்கும் இன்னொண்ணுக்கும் ஆறு மணி நேரம்னு போட்டிருந்தான், இவரு ஒரு நாள் விட்டாரு. 20 லிட்டர் பக்கெட்டுக்கு 450 சதுர அடின்னு எழுதியிருக்கறத நம்பி ரெண்டு பக்கெட் வாங்கினோம், பழைய ஓடு சுண்டக்காஞ்சு கெடந்ததா மடமடன்னு குடிச்சிருச்சு, கைப்பிடி சுவத்துல ஒன்றரை அடி ஏத்தி அடிச்சது வேற, கூட நாலு லிட்டர் வாங்க வேண்டியதாச்சு. வாங்கும்போதே பத்து பர்சன்ட் கூட கணக்கு போட்டுக்கோங்க.

காசு. மேஸ்திரி ஒரு நாளைக்கு 1,100, சித்தாள் அக்கா 700, எல்லாம் சேத்து வேலை பாத்தது ஆறு நாள், 10,800. ரெண்டு பக்கெட்டும் அந்த நாலு லிட்டரும் 13,150. ஓடு, சிமெண்ட், மணல், கெமிக்கல், வலைத்துணி எல்லாம் 4,950. பைப்பும் ஜாலியும் 900. மொத்தம் 29,800, கடைசி நாள் பிரியாணி எங்க செலவு. கம்பெனி கேட்டதுல பாதி கூட இல்ல, ஆனா வாரண்டி பேப்பர் கிடையாது, அது உண்மை, அவரு எக்ஸெல் வண்டிதான் வாரண்டி. சித்தாள் அக்காவுக்கு அந்த வெயில்ல 62 ஓட்ட பேத்து கீழ எறக்கினதுக்கு 700ங்கறது எனக்கே உறுத்துச்சு, கூட குடுத்தேன், அத கணக்குல சேக்கல.

இனி ரிசல்ட்.

கோடை: அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு செருப்பில்லாம மாடில நடந்தேன். முன்னாடி எல்லாம் துணி எடுக்க ஓடி ஓடி தத்தி தத்தி வருவோம், இப்ப நின்னு பக்கத்து வீட்டு அக்காவோட கதை பேசலாம். வீட்டுக்குள்ள 250 ரூபா தெர்மாமீட்டர் ஒண்ணு மாட்டியிருக்கோம், அதுக்கு முந்தின மே மாசம் ஹால்ல சாயங்காலம் 37 காட்டினது இந்த தடவ 34, 35 தாண்டல, ரெண்டு வருஷ வெயிலும் ஒண்ணு இல்ல, அதனால இத பெரிய ஆதாரமா எடுத்துக்காதீங்க. எனக்கு தெரிஞ்ச பெரிய வித்தியாசம் ராத்திரி. பத்து மணிக்கு ஃபேன் போட்டா அடுப்பு மேலேர்ந்து வர்ற மாதிரி காத்து வரும்ல, சீலிங் பகல்ல வாங்கின சூட்ட ராத்திரி கக்கும், அது இல்ல. ஏசி பில்லு கொறஞ்சுதான்னு இவரு கணக்கு போட்டாரு, பையன் பரீட்சை லீவுல பகல் பூரா ஏசிலயே கெடந்ததால கணக்கு எங்கயோ போச்சு.

ஆனா கண்ணு கூசும். வெள்ளிக்கெழம துணி காயப்போட போனா கண்ண சுருக்கிக்கிட்டுதான் நிக்கணும். மாமியாருக்கு வேற கம்ப்ளைண்ட், மாடி சுடலன்னா வடாம் எப்படி காயும்? சொன்னப்ப சிரிச்சேன், நெசமாவே ஒரு நாள்ல காயுற கூழ் வடாம் ஒன்றரை நாள் எடுத்துச்சு, அடியில சூடு இல்ல பாருங்க. இப்ப அவங்க கட்டில் மேல போட்டு காயவைக்கிறாங்க, வருஷா வருஷம் மாடி வேலைக்கு எதிரா சொல்ல ஒரு பாயிண்ட் கெடச்சுது. இன்னொண்ணு, மழைல வழுக்கும். தட்டோடு மாதிரி காலுக்கு பிடிப்பு இல்ல. வயசானவங்க ஏற எறங்குற வீடுன்னா மாடிப்படி வாசல்லேர்ந்து கொடிக்கம்பி வரைக்கும் ஒரு நடைபாதைக்கு கடைசி கோட்ல கொஞ்சம் சலிச்ச மணல தூவி அடிக்க சொல்லுங்க, நாங்க அது தெரியாம விட்டு அப்புறம் ரப்பர் மேட் வாங்கினோம்.

மழை: போன ஐப்பசில நல்லா பேஞ்சுது. நவம்பர் கடைசில டிட்வா புயல், இலங்கைல அது ஆடின ஆட்டத்த டிவில பாத்துட்டு சோறு எறங்கல, இங்க வரும்போது வேகம் கொறஞ்சுதான் வந்துச்சு, இருந்தாலும் விடாம நச நசன்னு மழை. மொத ராத்திரி நானும் இவரும் மாத்தி மாத்தி சாமி ரூமுக்கு டார்ச் எடுத்துட்டு போய் பாத்தோம், ஆஸ்பத்திரில காவல் இருக்குற மாதிரி. ஒரு பொட்டு ஈரம் இல்ல. மேல போய் பாத்தா தண்ணி அந்த புது ஜாலிக்கு சுத்திட்டு எறங்குற சத்தம், குளு குளு குளுன்னு, அத கேட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் குடைய புடிச்சுட்டு சும்மா நின்னேன். அந்த தண்ணி மழைநீர் தொட்டிக்கு போகுது, 2003ல எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு வந்தப்ப மாமனார் கட்டினது, அடைச்சு போய் பேருக்கு இருந்துச்சு, இந்த வேலையோட சேத்து கூழாங்கல்ல எல்லாம் வெளிய எடுத்து கழுவி போட்டோம்.

ஒழுகவே இல்லையான்னா, ஒரு எடம். மாடிப்படி கூண்டு சுவரும் மொட்டை மாடியும் சேர்ற எடத்துல படி பக்கமா லேசா வேர்த்துச்சு. சொட்டல, கைய வச்சா ஈரம். பாத்தி கட்டும்போது மேஸ்திரி அந்த பக்கத்த விட்டுட்டாரு, அது அவரு தப்பு, அவரே ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்டவரு வந்து சரி பண்ணணும்ல, டிசம்பர்லேர்ந்து ஃபோன் பண்றேன், மழை விடட்டும்னாரு, பொங்கல் போகட்டும்னாரு, இப்ப காயட்டும்னு சொல்றாரு. கடைசி காரணம் நியாயம்தான், அதான் திட்டவும் முடியல. அப்புறம் கோட்டிங்ல ரெண்டு எடத்துல அம்பது பைசா அளவு கொப்புளம், ரெண்டும் டிஷ் ஆன்டனா ஸ்டாண்டு பக்கத்துல, நாங்க அத இழுத்து நவுத்தினதுல கீறினது. அது எங்க தப்பு.

வெள்ளை இப்ப வெள்ளையா இல்ல, சாம்பல் பூத்து போயிருக்கு. புழுதி படிஞ்சா வெயில திருப்பி அனுப்புற வேலை கொறையும், அதனால போன ஞாயித்துக்கெழம சோப்பு தண்ணியும் தும்பு தொடப்பமும் வச்சு நானும் பையனும் கழுவினோம், இரும்பு பிரஷ் போடாதீங்க, ஆசிட் ஊத்தாதீங்க. தொண்ணூறு சதவீதம் பழைய வெள்ளை வந்துருச்சு. பக்கத்து வீட்டு வேப்பமரம் மாசி பங்குனில எலைய கொட்டும், அது ஜாலில போய் பாய் விரிச்ச மாதிரி படியும், வாரத்துக்கு ஒரு தடவ அள்ளணும். டேங்க் ஓவர்ஃப்ளோ பைப்ப மாடில விட்டிருந்தோம், வருஷம் பூரா அந்த ஓரத்துல தண்ணி, மழையே தேவையில்ல ஒழுகறதுக்கு, அத நேரா வெளிய திருப்பிட்டோம், 180 ரூபா.

மார்க்: ஒழுகல் கண்டுபுடிச்சதுக்கு மேஸ்திரிக்கு அஞ்சுக்கு அஞ்சு. வேலை சுத்தத்துக்கு நாலு, சிமெண்ட் தண்ணி வாசல் கோலம் வரைக்கும் ஓடி காஞ்சு அத சுரண்ட எனக்கு ஒரு நாள் ஆச்சு. சொன்ன தேதிக்கு வர்றதுக்கு ஒண்ணரை, அந்த அரையும் வயசுக்கு மரியாதை. கோட்டிங்குக்கு நாலு, இன்னும் ரெண்டு மழை தாங்கினா அஞ்சு ஆக்குறேன். அந்த வாரண்டி கம்பெனிக்கு மார்க் போட முடியாது, வேலையே குடுக்கல, ஆனா யாராவது குடுத்து ஒழுகி வாரண்டில சரி பண்ணி குடுத்திருந்தா கீழ எழுதுங்க, நெசமாவே தெரிஞ்சுக்கணும்.

சீலிங்ல கம்பி துரு தெரிஞ்சு காங்கிரீட் செதில் செதிலா விழுதுன்னா இந்த ரிவ்யூ உங்களுக்கு இல்ல. துரு புடிச்ச கம்பி பெருத்து காங்கிரீட்ட உள்ளேர்ந்து தள்ளுது, அதுக்கு மேல என்ன பூசினாலும் நிக்காது, இன்ஜினியர கூப்பிடுங்க, அடியில கட்டில் போட்டிருந்தா இன்னிக்கே நவுத்துங்க.

மேஸ்திரி நம்பர் கேட்டு மெசேஜ் வரும்னு தெரியும். தரமாட்டேன். படிக்கூண்டு மூலைய இந்த வியாழக்கெழம வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காரு, பிளாஸ்டிக் கவர் கூட நேத்தே ஒட்டி வச்சிட்டேன், அவரு வந்து அத தூக்கி பாத்து எங்க வேலைய முடிக்கிற வரைக்கும் அவர யாரும் கூப்பிடாதீங்க.